வரப்பு கட்டிய திடல்

தண்ணீர் கட்டிப் பரம்பு அடித்த அன்று மேட்டுத்தாங்கல் ஊரே அந்த நிலத்தில் இருந்தது.

ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. சாப்பாட்டுப் பையை வேலிக் கம்பியில் மாட்டினார்கள். யூனிபார்ம் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். காருக்குப் பெயின்ட் அடிக்கிறவன், செல்போனுக்கு ஸ்குரூ முடுக்குகிறவள், கேன்டீனில் தட்டு கழுவுகிறவள், எல்லோரும். நிலத்தை விற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. கால் மறக்கவில்லை.

ஒரு காலத்தில் இரண்டு போகம் நெல் விளைந்த மண் அது. மனை போடுகிறவர்கள் வாங்கினார்கள், ரோடு போட்டார்கள், கல் நட்டார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி வேண்டுமானால் விளையாட்டுக்கும் பூங்காவுக்கும் என்று ஒரு பங்கை ஊராட்சிக்கு விட்டாக வேண்டும். அப்படி விட்ட பங்கு இது. ஊர்க் கபடிக் குழு கேட்டது. ஊராட்சி சரி என்றது. ஒரு கம்பெனி கூரைத் தகடு கொடுத்தது, இன்னொரு கம்பெனி ஹாலோபிளாக் கல் கொடுத்தது. உழைப்பு ஊருடையது.

டிராக்டருக்குப் பின்னால் சேற்றைச் சமன் செய்யும் பரம்புப் பலகை இழுபட்டது. பலகை மேல் பழனிவேல் நின்றிருந்தார். இந்த நிலத்தில் பாதி ஒரு காலத்தில் அவருடையது. இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அன்றைக்கு அவர் முகத்தில் செக்யூரிட்டி இல்லை.

கரையில் முக்காலி மேல் லெவல் கருவியை வைத்துக்கொண்டு இளம்பரிதி நின்றான். பழனிவேலின் மருமகன். சிவில் படித்தவன். ஒரு கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் வேலை. திடலுக்கும் கிளப் கட்டடத்துக்கும் கணக்குப் போட்டுக்கொடுக்கும்படி ஊர் அவனைக் கேட்டிருந்தது.

"நடு கொஞ்சம் உயரமா இருக்கணும் மாமா," என்றான். "நாலு பக்கமும் சரியணும்."

"பரிதி, தண்ணிய பாரு." பழனிவேல் பலகையிலிருந்து இறங்கவில்லை. "எங்கனா மேடு தெரிதா? பள்ளம் தெரிதா? கண்ணாடி மாரி கீது. உன் மெஷினு பொய் சொல்லும். தண்ணி சொல்லாது."

சேற்றில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மைதான். தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே அளவு நின்றது. அதுதான் கோளாறு. நாற்று நட அப்படித்தான் நிற்க வேண்டும். கபடி ஆட அல்ல.

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனைவி கலைமதி போன பிறகு இளம்பரிதி யாரிடமும் எதையும் இரண்டாம் முறை சொன்னதில்லை. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் எந்த விஷயத்துக்கும் குரலை உயர்த்துவது அவனுக்கு அதிகப்படியாகத் தோன்றியது. முக்காலியை மடக்கினான்.

நிலம் காய்ந்ததும் ஊர்க்காரர்கள் இன்னொரு காரியம் செய்தார்கள். யாரும் செய்யச் சொல்லவில்லை. மண்வெட்டியோடு வந்து நான்கு பக்கமும் வரப்பு கட்டினார்கள். முழங்கால் உயரம், இரண்டு பக்கமும் மண்வெட்டியின் முதுகால் தட்டி மெழுகி. "வரப்பு இல்லாம அம்மணமா கெடந்துச்சு. இப்பதான் நெலம் மாரி கீது," என்று திருப்தியாகப் பார்த்துக்கொண்டார்கள். வயலைக் கட்டிவிட்டுத் திடல் என்று பெயர் வைத்தார்கள்.

இளம்பரிதி கட்டடத்தைக் கவனித்தான். அங்கே பேச வேண்டியதில்லை. கல் கல்லாக உயர்ந்தால் போதும். முன்னால் வராந்தா, நடுவில் கூடம், பக்கத்துக்கு ஒரு அறை, தனித்தனிக் கழிவறை. பெண்கள் அணியின் கேப்டன் கனிஷ்கா ஒரு நாள் வந்து சுற்றிப் பார்த்தாள். செல்போன் கம்பெனி லைனில் வேலை. தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் வாய்க்கு ஊரில் அணை கிடையாது. அவனிடம் மட்டும் கொஞ்ச காலமாக அடக்கிப் பேசினாள்.

"சார், இன்னா கலர் வேணா அடிங்க. எங்க ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்."

"கதவுன்னா தாழ்ப்பாள் இருக்குமே."

"ஆம்பளைங்க கட்டற ரூமுல எல்லாம் வெளிப்பக்கம்தான் இருக்கும். போற ஊர்ல எல்லாம் பார்த்துட்டோம். ஷேர் ஆட்டோவுல பொடவைய மறைப்பா கட்டிகினு டிரெஸ் மாத்தினு இருக்கோம்."

கனமான தாழ்ப்பாளாகப் பார்த்து வாங்கி, அவனே முடுக்கினான்.

சார். அந்த வார்த்தை அவனுக்குப் புதிது. இந்த ஊரில் அவன் பெயர் மாப்பிள்ளை. திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்து பெண் கட்டினான். அந்த வருடமே காணும் பொங்கலன்று தெருமுனையில் கனிஷ்காவும் மற்ற பெண்களும் மஞ்சள் தண்ணீர் வாளியோடு காத்திருந்தார்கள். ஊர் மாப்பிள்ளையை நனைக்காமல் விட்டால் அது காணும் பொங்கல் இல்லை. புதுச் சட்டை போனது. அடுத்த வருடம் பின்தெரு வழியாகச் சுற்றி வந்தான். அங்கேயும் வாளி. காட்டிக்கொடுத்தது கலைமதி. ஒவ்வொரு வருடமும் அவள்தான்.

போன பொங்கலுக்கு மாமியார் வீட்டில் கூப்பிட்டார்கள். வந்தான். தெருவில் பெண்கள் வாளியோடு நின்றார்கள். அவனைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்து வழிவிட்டார்கள். "வாங்க சார்," என்றாள் ஒருத்தி. தெரு முழுக்க நடந்தான். சட்டை காய்ந்தபடியே இருந்தது. பழனிவேலும் அப்போதிலிருந்து 'மாப்ள' என்பதை விட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். ஒருவரும் அவனை விலக்கவில்லை. எந்த வார்த்தையில் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்தது. மழை வந்தது.

மழை விட்ட பிறகு தெருவில் தண்ணீர் வடிந்தது. மனைகளில் வடிந்தது. ஹைவேயில்கூட வடிந்தது. திடலில் மட்டும் வடியவில்லை. வரப்பு ஒரு சொட்டை வெளியே விடவில்லை. மண் ஒரு சொட்டை உள்ளே விடவில்லை. கபடிக் கோர்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. ஒரு ஓரத்தில் தீவு மாதிரி நீல வர்ணத்தில் கிளப் கட்டடம். அதன் கடைக்காலை மட்டும் இளம்பரிதி உயர்த்திப் போட்டிருந்தான்.

ரத்தினம் குடையோடு வந்து வராந்தாவைப் பார்த்துக் கத்தினார். ஊரில் டிப்பரும் டிரெய்லரும் வைத்திருப்பவர்.

"இன்னாப்பா, நாத்து உட்டுட்டீங்களா? களை எடுக்க எப்ப ஆள் அனுப்பணும்?"

வராந்தாவில் இருந்தவர்கள் கொக்கைப் பார்த்தார்கள்.

அவருக்கு அந்த இடத்தின் மேல் கண் இருந்தது. டிரெய்லர் நிறுத்த அவரிடம் இடம் இல்லை. ரோட்டோரம் நிறுத்தினால் போலீஸ் தொல்லை. திடல் அமையாவிட்டால் லாரி நிறுத்தக் கொடுங்கள் என்று முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது தண்ணீரே அவருக்காகப் பேசியது.

நவம்பர் முதல் தேதி கிராம சபை. ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் ஷாமியானா. தலைவரம்மா மைக்கைப் பிடித்ததும் ரத்தினம் எழுந்தார்.

"நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. எம் பொண்ணும் கபடி ஆடுனவதான். ஆனா கண்ணால பாக்கறோம் இல்ல? அது கிரவுண்டு இல்ல, ஏரி. மீன் வளத்தாத்தான் உண்டு. எடம் வீணாப் போவுது. யார்டுக்கு குடுங்க, ஊருக்கு வாடகை வரும்."

கூட்டத்தில் பாதித் தலைகள் ஆடின. ஷிப்டு முடிந்து வந்து சேறு மிதித்த தலைகள். இளம்பரிதி பார்த்தான். பின்வரிசையிலிருந்து எழுந்தான். எழுந்தது அவனுக்கே ஆச்சரியம்.

"தண்ணிய வடிக்க முடியும்," என்றான். "வழி இருக்கு."

ரத்தினம் திரும்பினார். "சார் நல்லவரு, படிச்சவரு. இல்லன்னு சொல்லல. ஆனா கிராம சபையில பேசறதுக்கு இந்த ஊரு ஓட்டரா இருக்கணும் இல்ல? சாருக்கு இது பொண்ணு எடுத்த ஊரு, அவ்ளோதான். இப்ப அதுவும்..."

நிறுத்திவிட்டார். சொல்ல வந்ததல்ல, வாய் இழுத்துக்கொண்டு போனது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. முன்வரிசையில் பழனிவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளம்பரிதி உட்கார்ந்தான்.

"நான் ஓட்டருதான்." கனிஷ்கா எழுந்து நின்றாள். "நான் பேசலாம் இல்ல? மாவட்டப் பொம்பளைங்க கபடி இந்தப் பொங்கலுக்கு நம்ம ஊர்லன்னு அசோசியேஷன்ல ஒத்துக்குனு இருக்காங்க. எடம் செரியில்லன்னா தண்டலம் காலேஜுக்கு மாத்திடுவாங்க. காணும் பொங்கல் அன்னிக்கு இங்க மேட்ச் நடந்தா அது கிரவுண்டு. நடக்கலன்னா யார்டு. நாங்களே வந்து உங்க டிரெய்லருக்கு ரிவர்ஸ் பாக்கறோம் ரத்தினம் அண்ணே. வா வா வா, ஒடிச்சு வா."

கூட்டம் சிரித்தது. ரத்தினமும் சிரித்துவிட்டார். தப்பித்த சிரிப்பு.

"அந்தச் சேத்துல நீ பொங்கலுக்குக் கபடி ஆடிடும்மா. ஆடிட்டா, கிரவுண்டுக்கு வேண்டிய கிராவல் மண்ணு பூரா என் வண்டியில ஓட்டறேன்."

"மேட்ச்சுக்கு முன்னாடி ஓட்டுங்கண்ணே. பின்னாடி வந்தா தலையில கொட்டிக்கறதா?"

இந்த முறை தலைவரம்மாவும் சிரித்தார். ஊர் முன்னால் சொன்ன வார்த்தை. ரத்தினம் சுற்றிப் பார்த்தார். "சரி, சரி. சொன்னா சொன்னதுதான். ஓட்டறேன்."

பொங்கலுக்கு மேட்ச் நடந்தால் திடல். நடக்காவிட்டால் லாரி. தீர்மானம் அப்படியே எழுதப்பட்டது.

மறுநாள் இளம்பரிதி பழனிவேலின் கம்பெனி கேட்டுக்குப் போனான். அவர் யாரோ ஒருவனின் லாரியைச் சுற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வந்தார். எதிரில் டீக்கடை. இரண்டு டீ.

"வரப்ப உடைக்கணும் மாமா," என்றான்.

பழனிவேல் டீயை ஆற்றினார். வேண்டியதற்கு மேல் ஆற்றினார்.

"நீ அன்னிக்கே சொன்ன."

"சொன்னேன்."

"ஒரு வாட்டிதான் சொன்ன."

அவன் தம்ளரைக் கையில் உருட்டினான்.

"ஏன் எங்கூட சண்ட போடல? மாப்பிள்ளை முறுக்குன்னு ஒண்ணு கீது இல்ல? கல்யாணப் பந்தியில ரசம் புளிக்குதுன்னு எல ஓரம் தள்ளி வெச்சவன்தான நீ?"

"புளிப்பு இல்ல. உப்பு பத்தல."

"பாரு. இப்பவும் உட மாட்டேங்கற. இந்த வாயிதான் எங்க போச்சுன்னு கேக்கறேன்." அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "நேத்து அவன் அப்படிக் கேட்டப்போ நான் எழுந்திருக்கணும். எழுந்திருக்கல. நான் அடிச்ச பரம்பு ஊரு முன்னாடி நாறிக் கெடக்குதேன்னு அதே நெனப்புல குந்தினு இருந்துட்டேன்."

ஒரு டிரெய்லர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. இருவரும் தம்ளர் வாயைக் கையால் மூடிக்கொண்டார்கள்.

"எந்த எடத்துல உடைக்கணும், சொல்லு. மொத வெட்டு நான் வெட்டறேன்."

"ஒரு இடம் இல்ல மாமா. மொத்த நிலத்தையும்."

பழனிவேல் அவனைப் பார்த்தார். பிறகு டீக்கடைக்காரரிடம் திரும்பி, "இன்னொரு டீ குடுப்பா. பெரிய வேலையா கீது," என்றார்.

தண்ணீர் வடியச் சில நாட்கள் ஆயின. வடிக்க வரப்பை உடைத்தாலே போதுமாக இருந்தது. முதல் வெட்டு பழனிவேல் வெட்டினார், சொன்னபடி. வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஜெபகுமார் ஜேசிபியோடு வந்தான். கீழ்த்தெருக்காரன். ஆண்கள் அணியின் ரெய்டர். சொந்தமாக ஒரு ஜேசிபி வைத்து ஓட்டுகிறவன்.

"கட்டுனதும் நீங்கதான், உடைன்னு சொல்றதும் நீங்கதான்," என்று மேலிருந்து பழனிவேலைப் பார்த்துச் சொன்னான். "இவ்ளோ தண்ணி இருக்குதே, மொத்தமா உடைக்கறதுக்கு முன்னாடி எங்க சர்ச் ஐயர வரச் சொல்றேன். ஊருக்கே ஞானஸ்நானம் குடுத்துடலாம்."

"நீ மொதல்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணு."

தண்ணீர் வடிந்த பிறகு தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் மண்ணின் நிறம் மாறியது. ஜேசிபியின் பல் பட்டதும் ஓட்டில் உரசுவது மாதிரி சத்தம் வந்தது. இளம்பரிதி இறங்கித் தட்டிப் பார்த்தான். எத்தனையோ தலைமுறை சேறு உழுது, மாடு மிதித்து, ஆள் மிதித்து இறுகிய மண். தண்ணீரை நிறுத்துவதற்கென்றே செய்தது. இன்றைக்கும் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. அதை அவன் மதித்தான். பிறகு உடைக்கச் சொன்னான்.

மீன் முள் மாதிரி நிலம் முழுக்கக் குறுக்குப் பள்ளங்கள் வெட்டினார்கள். துளை போட்ட குழாய் பதித்து ஜல்லி கொட்டினார்கள். எல்லாக் குழாயும் ஓரத்தில் ஒரே வாயில் வந்து சேர்ந்தது. அங்கிருந்து கால்வாய் வழியே ஏரிக்குப் போகும். மேலே கிராவல். நடு ஒரு சாண் உயரம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பழனிவேல் கண்ணுக்குத் தெரிந்தது. அது அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

"சாஞ்சு கீது. மொத்தமா சாஞ்சு கீது."

"சாயணும்தான் மாமா."

"கொஞ்சமா சமன் பண்ணிக்கலாமே."

"முடியாது."

"ஓரத்துல மட்டும்..."

"முடியாதுன்னா முடியாது!"

கிராவல் பரப்பிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் குரலை அவ்வளவு சத்தமாகக் கேட்டு நாளாகிவிட்டது. பழனிவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். முதுகில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

அதற்குப் பிறகு இளம்பரிதி எல்லோரோடும் சண்டை போட்டான். ஜல்லி அளவு பெரிது என்று ஒரு சண்டை. ரோலர் ஓட்டுகிறவன் நடுவை அழுத்திவிட்டான் என்று ஒரு சண்டை. ரத்தினம் சொன்ன வார்த்தை மாறாமல் வண்டி அனுப்பினார். ஒரு நாள் வந்த லோடில் களிமண் கலந்திருந்தது. இளம்பரிதி ஒரு பிடி எடுத்து உருட்டினான். உருண்டை உடையவில்லை. "கொட்டாதே. திருப்பு," என்றான். டிரைவர் போனை எடுத்து முதலாளியிடம் முறையிட்டான்.

"அண்ணே, கலைமதி வூட்டுக்காரரு லோடத் திருப்பி அனுப்பறாரு. இன்னா பண்ணட்டும்?"

கலைமதி வீட்டுக்காரர். இளம்பரிதி கையிலிருந்த உருண்டையைப் பார்த்தான். வேறெங்கோ பார்க்க வேண்டும் போலிருந்தது. ரத்தினம் போனில் கத்துவது வெளியே கேட்டது. வாங்கிப் பேசினான்.

"மண்ணுக்கு இன்னா சார் கொறைச்சல்?"

"ஒரு குறையும் இல்ல. பானை செய்யலாம். கபடி ஆட முடியாது."

"சரி, வேற அனுப்பறேன். நல்லாத்தான் பேசக் கத்துகினீங்க," என்றார் ரத்தினம்.

மார்கழிக்குள் வேலை முடிந்தது. பெண்கள் தினமும் பயிற்சிக்கு வந்தார்கள். தாழ்ப்பாள் விழும் சத்தம் தினமும் கேட்டது. மண் காலுக்கு மெத்தென்று இருந்தது. ஆனால் மழை பெய்யவில்லை. வேலை பலித்ததா என்று யாருக்கும் தெரியாது. ஒரு நல்ல மழை வந்தால்தான் தெரியும். வரவும் வேண்டும், வரவும் கூடாது.

காணும் பொங்கலன்று விடியும்போது வந்தது.

தை மாதத்தில் அப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஐப்பசி அடைமழை வழி தவறி வந்துவிட்டது மாதிரி கொட்டியது. இளம்பரிதி ரெயின்கோட்டைக் கையில் பிடித்தபடி, போடாமலே, திடலுக்கு ஓடினான். வராந்தா முழுக்க ஆட்கள். எதிரில் நிலம் முழுக்க வெள்ளைத் தண்ணீர். ஐப்பசியில் பார்த்த அதே காட்சி. கொக்கு மட்டும்தான் இல்லை.

ரத்தினமும் நின்றிருந்தார், குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு. ஜெயித்த முகம் இல்லை. "இப்படியாய்யா பெய்யும், பொங்கலுக்கு," என்று யாரிடமோ சொன்னார்.

வேன் வந்தது. அசோசியேஷனிலிருந்து நடுவர் அம்மா இறங்கினார். விளையாட்டு உடை, கழுத்தில் விசில், தலைக்கு மேல் குடை. நிலத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தண்டலம் காலேஜுக்குப் போன் போடட்டுங்களா?"

"மழை விட்டதும் கொஞ்ச நேரம் குடுங்கம்மா," என்றான் இளம்பரிதி.

"எவ்ளோ நேரம் விட்டாலும் இது..."

"இது வயல் இல்லம்மா. வடியும்." நிறுத்தினான். பிறகு இரண்டாம் முறையும் சொன்னான். "வடியும்."

நடுவர் அம்மா வேன் படியில் உட்கார்ந்தார்.

மழை தளர்ந்தது. தூறலானது. நின்றது. எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். தண்ணீர் அப்படியே இருந்தது. கனிஷ்கா விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது கால்வாய் ஓரத்திலிருந்து ஒரு சத்தம். குழாய் முதலில் இருமியது. காற்றுக் கக்கியது. பிறகு கொட்ட ஆரம்பித்தது. குழாய் வாயருகே பழனிவேல் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தார். எப்போது அங்கே போனார் என்று யாரும் பார்க்கவில்லை. செம்மண் தண்ணீர் அவர் கையை அடித்துத் தள்ளியது.

"வருது!" என்று கத்தினார். "வருது மாப்ள! யோவ் மாப்ள, இங்க வந்து பாருய்யா, இன்னா வேகம்!"

இளம்பரிதி வராந்தாவிலிருந்து குதித்தான். பாதி தூரம் போனவன் நின்றான். திடலின் நடு எழுந்துகொண்டிருந்தது. குளத்திலிருந்து எருமை முதுகு எழுவது மாதிரி. முதலில் ஒரு கோடு, பிறகு ஒரு பாய் அகலம், பிறகு கோர்ட் அளவு. செந்நிறத்தில், பளபளவென்று. தண்ணீர் நான்கு பக்கமும் விலகி ஓரத்துக்கு ஓடியது. வராந்தாவில் ஒரு விசில் கிளம்பியது. அதற்கப்புறம் யார் கத்துகிறார்கள் என்று தெரியாத அளவுக்குச் சத்தம்.

ஊரின் கால்கள் சும்மா நிற்கவில்லை. சாக்கு, துடைப்பம், சட்டை என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி மிச்ச ஈரத்தை ஒற்றினார்கள். வெயிலும் வந்து கைகொடுத்தது. நடுவர் அம்மா உள்ளே நடந்தார். ஒரு காலை ஊன்றிக் குதிகாலால் திருகினார். குனிந்து பார்த்தார். நடந்து போய் இன்னொரு இடத்தில் திருகினார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் குதிகாலையே பார்த்தது.

"லைன் போடுங்க," என்றார்.

சுண்ணாம்புக் கோடு விழுந்துகொண்டிருந்தபோது பக்கத்து மனையிலிருந்து ஹாரன் சத்தம். ரத்தினத்தின் டிரெய்லர் ஒன்று, வயலாக இருந்த அந்த மனையில் அச்சு வரை புதைந்து நின்றது. ஜெபகுமார் ஜேசிபியைக் கிளப்பினான்.

"அண்ணே, யார்டு எப்படி இருக்குது? வசதிதானே?"

"டேய், இழுடா மொதல்ல," என்றார் ரத்தினம். பக்கத்தில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் மேட்ச் மேட்டுத்தாங்கலுக்கும் தண்டலம் அணிக்கும். தண்டலத்துப் பெண்கள் உயரம். இடைவேளையில் அவர்கள்தான் முன்னால். ரத்தினம் மூன்று பேரைத் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து, "கால புடி, கால புடி" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். பின்பாதியில் கனிஷ்கா ரெய்டுக்குப் போனாள். அதுவரை வாய் ஓயாமல் எதிரணியைச் சீண்டியவள், கபடிப் பாட்டைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. இரண்டு பேர் கணுக்காலைப் பிடித்தார்கள். விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து அவர்களையும் இழுத்துக்கொண்டு நீந்துவது மாதிரி போய் நடுக்கோட்டை விரல் நுனியால் தொட்டாள். மண் அவளை வழுக்கவும் விடவில்லை, கிழிக்கவும் இல்லை. அங்கிருந்து ஆட்டம் திரும்பியது. கடைசி விசில் ஊதியபோது ஊர் கோட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்துவிட்டது.

தலைவரம்மா மைக்கில் ஏதோ சொல்ல முயன்றார். யாரும் கேட்கவில்லை. ரத்தினம் இளம்பரிதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"லாரிக்கு வேற எடம் பாத்துக்கறேன். அன்னிக்கு ஷாமியானாவுல ஒரு வார்த்த..."

"களிமண் லோடு அனுப்பினீங்களே, அதுக்கு முதல்ல சொல்லுங்க," என்றான் இளம்பரிதி.

ரத்தினம் சிரித்துக்கொண்டே அவன் தோளில் தட்டிவிட்டு நகர்ந்தார். நகர்ந்தது கொஞ்சம் அவசரமாக இருந்தது. சுற்றியிருந்தவர்களும் விலகிக்கொண்டிருந்தார்கள். இளம்பரிதியைச் சுற்றி மட்டும் வட்டமாக இடம் காலியானது. அவன் நிமிர்ந்தான்.

கிளப் கட்டடத்தில் உள்தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு திறந்தது. பெண்கள் வெளியே வந்தார்கள். உடை மாற்றியிருக்கவில்லை. கையில் வாளி.

"மாமா," என்றாள் கனிஷ்கா. வாய்க்கு அணை உடைந்திருந்தது. "இன்னா மாமா, ஊரு கிரவுண்ட எல்லாம் காய வெச்சுட்டு நீங்க மட்டும் காஞ்சு போய் நின்னா எப்படி?"

ஓடியிருக்கலாம். பின்பக்கம் வழி இருந்தது. கால் நகரவில்லை.

முதல் வாளி நெஞ்சில் விழுந்தது. மூச்சு ஒரு நொடி நின்று திரும்ப வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் கனிஷ்கா இன்னொரு வாளியைத் தூக்கிவிட்டாள்.

"இது போன வருசத்துது!"

தலையோடு ஊற்றினாள். தை மாதத்துத் தண்ணீர், நல்ல குளிர். மஞ்சள் வாசம் மூக்கில் ஏறியது. காது, கழுத்து, முதுகு என்று ஒவ்வொரு இடமாகக் குளிர்வது தெரிந்தது. எவ்வளவோ நாளாக இப்படி எதுவும் தெரிந்ததில்லை. அவன் வாயைத் திறந்தான். சிரிப்புதான் வந்தது. அது சிரிப்புதானா என்று ஒருவரும் கிட்ட வந்து பார்க்கவில்லை. பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு மூன்றாவது வாளிக்கு ஓடினார்கள். சட்டையிலிருந்து வடிந்த மஞ்சள் தண்ணீர் காலடி மண்ணில் விழுந்தது. ஒரு நொடி மினுங்கியது. உள்ளே போய்விட்டது.

நான் இங்கே நிற்பேன் என்று யார் காட்டிக்கொடுத்தது? பழைய கேள்வி, பழைய பழக்கத்தில் எழுந்தது. ஒவ்வொரு வருடமும் எழுவது. அவன் கூட்டத்தில் தேடினான்.

வராந்தாக் குழாயடியில் பழனிவேல் நின்றிருந்தார். அவன் பார்ப்பதைப் பார்த்ததும் இரண்டு கையையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்குள் அவன் பார்த்துவிட்டான். முழங்கை வரை மஞ்சள்.